மீனுக்குப் போடுற தீனி கடைசியில எங்கே போகுது? பியானோவை விட்டுட்டு வந்த ஒருத்தர் கண்டுபிடிச்ச கதை!

புதுசா மீன் தொட்டி வாங்கினவரா நீங்க? அப்படின்னா இது உங்களுக்குப் பழக்கமான காட்சியாத்தான் இருக்கும். முதல் நாள் தண்ணி பளிங்கு மாதிரி இருக்கும். உள்ளே ரெண்டு கோல்டு ஃபிஷ், நாலு மோலி. வீட்டுல இருக்கறவங்க ஆளுக்கு ஒரு சிட்டிகை தீனி போடுவாங்க. அஞ்சாறு நாள்ல தண்ணி லேசா பால் கலந்த மாதிரி மங்கும். பத்தாவது நாள் வாக்குல மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மறுநாள் காலையில ஒண்ணு மிதக்கும். மீன் வாங்கின கடையில போய்க் கேட்டா, தண்ணி இன்னும் செட் ஆகலைன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க.

தண்ணி செட் ஆகறதுன்னா என்ன? உப்பு கரையறதா, தூசு அடங்கறதா? ரெண்டும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் அந்தத் தொட்டியில குடியேறணும். அந்தக் கூட்டத்தை முதன்முதலா தனியாப் பிரிச்சு உலகத்துக்குக் காட்டியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. மைக்ரோபயாலஜி படிக்கிற ஃப்ரெண்டு யாராவது இருந்தா இந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க, கண்டிப்பா தெரிஞ்சிருக்கும். மத்தவங்களுக்கு பாஸ்டரைத் தெரியும், கோக்கைத் தெரியும். இவரைத் தெரியாது. நோயைக் கண்டுபிடிச்சவங்களுக்குக் கிடைக்கிற பேரு, சேற்றைக் கிளறினவங்களுக்குக் கிடைக்கிறதில்லை.

வினோகிராட்ஸ்கி 1856-ல் கீவ் நகரில் பிறந்தார். அப்போது அது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. வசதியான குடும்பம். அதனாலேயே ஒரு சிக்கல்: எதைப் படிச்சாலும் பிழைச்சுக்கலாம் என்கிற நிலையில் எதைப் படிப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை. முதலில் சட்டம். அது ஒட்டவில்லை. அடுத்து இயற்கை அறிவியல். அதிலும் அப்போது மனம் நிற்கவில்லை. பிறகு எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரியில் பியானோ படிக்கப் போய்விட்டார். ஆசிரியர் சாதாரண ஆள் இல்லை. தியோடர் லெஷெடிஸ்கி என்றால் ஐரோப்பிய பியானோ உலகத்தில் எல்லாருக்கும் தெரியும்.

ரெண்டு வருஷம் வாசித்தார். அப்புறம் அதையும் விட்டார். 1877-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மறுபடியும் இயற்கை அறிவியல் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 21. இருபத்தோரு வயசுல மூணாவது தடவை கோர்ஸ் மாத்துற பையனை நம்ம வீட்டுல என்ன சொல்வாங்கன்னு உங்களுக்கே தெரியும். இந்த முறை அவர் மாறவில்லை. தாவர உடலியல் பேராசிரியர் ஃபமின்ட்சினிடம் வேலை கற்றார். ஈஸ்ட் வகை ஒன்றை வைத்து, அதற்குக் கொடுக்கும் உணவை மாற்றினால் அது எப்படி மாறுகிறது என்று பார்த்தார். என்ன தின்னக் கொடுத்தால் யார் வளர்கிறார்கள்? இந்தக் கேள்வி அவரைக் கடைசி வரைக்கும் விடவில்லை.

1885-ல் குடும்பத்தோடு ஸ்ட்ராஸ்பூர்க் போனார். அங்கே தாவரவியலில் பெரிய பேர் வாங்கியிருந்த அன்டோன் டி பாரியின் ஆய்வுக்கூடம். கையில் எடுத்தது பெகியடோவா என்கிற நூல் மாதிரியான பாக்டீரியா. அழுகின முட்டை நாத்தம் வருமே, ஹைட்ரஜன் சல்ஃபைடு, அந்த வாயு இருக்கிற ஊற்றுகளிலும் சேற்றிலும் இது வளரும். உடம்புக்குள் கந்தகத் துளிகளை நிரப்பி வச்சிருக்கும். எதுக்கு வச்சிருக்குன்னு யாருக்கும் சரியாத் தெரியாது.

வினோகிராட்ஸ்கி செய்தது பொறுமைசாலிகள் மட்டும் செய்யக்கூடிய வேலை. மைக்ரோஸ்கோப் கண்ணாடிச் சில்லுக்கு அடியில் அந்த நூல்களை உயிரோடு வைத்து, ஒரு நாளைக்குப் பல தடவை தண்ணீரை மாற்றினார். சல்ஃபைடு கலந்த தண்ணீர் கொடுத்தால் உள்ளே கந்தகத் துளிகள் பெருகின. கொடுக்காமல் நிறுத்தினால் துளிகள் கரைந்து மறைந்து சல்ஃபேட்டாக வெளியே வந்தன. துளிகளும் தீர்ந்தால் நூல்கள் பட்டினியில் செத்தன. அதாவது நமக்குச் சோறு எப்படியோ அதுக்குக் கந்தகம் அப்படி. உயிர்கள் சக்தி எடுக்க ரெண்டே வழிதான், ஒன்று வெயில், இன்னொன்று இன்னொரு உயிர் செய்த உணவு என்று அதுவரை நம்பியிருந்தார்கள். மூணாவது ஒரு வழி இருக்குன்னு 1887-ல் இவர் காட்டினார்: உயிரில்லாத வேதிப்பொருளை எரித்தே ஓர் உயிர் பிழைக்கலாம்.

அடுத்த வருஷ ஆரம்பத்தில் டி பாரி இறந்துபோனார். வினோகிராட்ஸ்கி ஜூரிச்சுக்கு இடம் மாறினார். அங்கேதான் உங்க மீன் தொட்டிக் கதை ஆரம்பிக்குது.

அதுக்கு முன்னாடி உங்க கையில இருக்கிற தீனி டப்பாவைத் திருப்பிப் பாருங்க. க்ரூட் ப்ரோட்டீன்னு ஒரு சதவிகிதம் போட்டிருக்கும். பெரும்பாலும் 30-லிருந்து 50-க்குள்ள இருக்கும். 40-ன்னு வச்சுக்குவோம். ஒரு கிராம் தீனியில 400 மில்லிகிராம் புரதம். புரதத்துல சுமாரா 16 சதவிகிதம் நைட்ரஜன். அப்போ ஒரு கிராம் தீனி போட்டா 64 மில்லிகிராம் நைட்ரஜனைத் தொட்டிக்குள்ள போடுறீங்க. குஞ்சு மீனா இருந்தா இதுல ஒரு பங்கை உடம்பு வளர்க்க எடுத்துக்கும். வளர்ந்து முடிச்ச மீன் கிட்டத்தட்ட எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துடும். எப்படி? கழிவுல கொஞ்சம்தான். பெரும்பகுதி செவுள் வழியா நேரா அமோனியாவாத் தண்ணியில கலந்துடும். மீன் தின்னாம தரையில விழுந்த தீனியும் அழுகி அதே அமோனியாவாத்தான் மாறும். அதனால தீனியை மீன் தின்னுச்சா இல்லையாங்கிறது வேகத்துல மட்டும்தான் வித்தியாசம். போய்ச் சேர்ற இடம் ஒண்ணுதான்.

50 லிட்டர் தொட்டியில அந்த ஒரு கிராம் முழுக்க அமோனியாவா மாறி அப்படியே நின்னுச்சுன்னா, லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் வரும். இதுல எவ்வளவு விஷம்ங்கிறது தண்ணியோட பி.எச். பொறுத்தது. 25 டிகிரியில பி.எச். 7 இருந்தா நூத்துல ஒரு பங்குக்கும் குறைவாத்தான் விஷ வடிவத்துல இருக்கும். பி.எச். 8 ஆனா அது சுமார் 5 சதவிகிதம் ஆயிடும். ஒரே அளவு தீனி, ஒரே அளவு மீன், பக்கத்து வீட்டுத் தொட்டியில ஒண்ணும் ஆகலை, நம்ம தொட்டியில மட்டும் ஏன் செத்துச்சுன்னு குழம்புறவங்க முதல்ல பார்க்க வேண்டியது இதைத்தான்.

சரி, அமோனியா அப்படியே நிக்காம எங்கே போகுது? 19-ஆம் நூற்றாண்டுல இந்தக் கேள்வியைக் கேட்டவங்க மீன் வளர்த்தவங்க இல்லை. விவசாய ஆட்களும் சாக்கடை ஆட்களும்தான். எருவுல இருக்கிற அமோனியா மண்ணுல நைட்ரேட்டா மாறுதுன்னு தெரியும். பயிருக்கு அது வேணும், வெடிமருந்துக்கும் வேணும். ஆனா மாத்துறது யாரு? 1877-ல் பிரான்ஸில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்று ரெண்டு பேர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பின ஒரு நீளக் குழாயில் சாக்கடைத் தண்ணீரை மெதுவா ஒழுக விட்டார்கள். சுமார் இருபது நாள் வரைக்கும் மேலே விட்ட அமோனியா கீழே அப்படியே வந்தது. அப்புறம் திடீரென்று நைட்ரேட் வர ஆரம்பித்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினதும் நின்றுபோனது. வெறும் ரசாயன மாற்றமா இருந்தா குளோரோஃபார்முக்கு ஏன் பயப்படணும்? உள்ளே உயிர் ஏதோ இருக்கு என்று புரிந்தது.

அந்த இருபது நாளைக் கவனிச்சீங்களா? புதுத் தொட்டியில முதல் சில வாரம் மீன் சாகறதும் அதே காத்திருப்புலதான். அவங்க குழாய்னா, உங்களோடது ஃபில்டர்.

இதில் இன்னொரு குடும்பக் கதையும் வருது, சொல்லாம போக மனசு வரலை. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்று ஒரு வேதியியலாளர். 1849-ல் ஒரு தொட்டியில் ரெண்டு சின்ன கோல்டு ஃபிஷ், வாலிஸ்னேரியா செடி வச்சுத் தண்ணியே மாற்றாமல் ஓட்ட முடியுமா என்று பார்த்தார். செடியின் இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியதும், நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகினதைத் தின்றன, அவற்றின் முட்டைகள் மீனுக்குத் தீனியாயின. சமநிலைத் தொட்டி என்கிற யோசனை பரவ அவரும் ஒரு முக்கியக் காரணம். அவருடைய மகன் பேரும் ராபர்ட் வாரிங்டன்தான். அவர் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் வருஷக்கணக்கில் இந்த நைட்ரேட் விவகாரத்தோடு மல்லுக்கட்டினார். அமோனியா ஒரே தாவில் நைட்ரேட் ஆகவில்லை, நடுவில் நைட்ரைட் என்று ஒரு படி இருக்கு, ரெண்டு படிக்கும் வேற வேற உயிரினம் இருக்கணும் என்கிற வரைக்கும் வந்துவிட்டார். ஆனா அந்த உயிரினங்களைத் தனியாப் பிரிக்க அவரால் முடியலை. அப்பா தொட்டியைச் சமநிலைக்குக் கொண்டுவந்தார், மகன் அந்தச் சமநிலையோட காரணத்துக்கு ஒரு அடி முன்னாடி நின்னுட்டார்.

ஏன் முடியலை? அந்தக் காலத்தில் பாக்டீரியாவைப் பிரிக்க ராபர்ட் கோக் சொன்ன வழி ஒன்று: ஜெலட்டின் தட்டில் இறைச்சிச் சாறு மாதிரி சத்தான சாப்பாடு போட்டு வளர விடு, தனித்தனிப் புள்ளியா முளைக்கும், ஒவ்வொன்றையும் எடுத்துக்கோ. நல்ல வழிதான். ஆனால் எல்லாரும் தட்டில் முளைத்ததை எடுத்துச் சோதித்தார்கள், ஒன்றுகூட நைட்ரேட் செய்யவில்லை.

வினோகிராட்ஸ்கிக்கு ஸ்ட்ராஸ்பூர்க்கில் கந்தகம் தின்ற நூல் ஞாபகம் இருந்தது. இந்த ஆட்களும் சாப்பாடு கேட்காத ஜாதியா இருந்தா? விருந்து போட்டா பந்திக்கு முந்துறவங்கதான் வந்து நிறைவாங்க. சாப்பாடே வேண்டாம்ங்கிறவன் மூலையில நிப்பான், கண்ணுலயே படமாட்டான். அதனால் அவர் விருந்தையே நிறுத்தினார். ஜூரிச் ஏரித் தண்ணீர், அதில் அம்மோனியம் சல்ஃபேட், பொட்டாசியம் பாஸ்பேட், அடியில் வெள்ளைப் பொடியாக மக்னீசியம் கார்பனேட். சர்க்கரை இல்லை, சாறு இல்லை, கரிமப் பொருள் எதுவுமே இல்லை. அதில் ஒரு துளி மண். வேலை நடந்ததும் அதிலிருந்து ஒரு துளியை அடுத்த பாத்திரத்துக்கு, அதிலிருந்து அடுத்ததுக்கு. மாசக்கணக்கில் இப்படியே. மற்ற பாக்டீரியாக்கள் பட்டினியில் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டே வந்தன.

தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பாக்டீரியா எங்கே என்று தேடினால், அடியில் படிந்த கார்பனேட் துகள்களில் ஒட்டிக்கொண்டிருந்தன. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

இன்னும் ஒரு தந்திரம் செய்தார், எனக்கு அவருடைய வேலையிலேயே ரொம்பப் பிடித்தது இதுதான். கல்ச்சரை ஜெலட்டின் தட்டில் பரப்பினார். புள்ளி முளைத்த இடத்தை எல்லாம் விட்டுவிட்டு, எதுவுமே முளைக்காத வெற்றிடத்தை வெட்டி எடுத்துத் தன் பட்டினித் தண்ணீரில் போட்டார். அமோனியா நைட்ரைட் ஆனது! எல்லாரும் முளைத்ததைத் தேடின இடத்தில் இவர் முளைக்காததைத் தேடினார். 1890-ல் முடிவுகள் வெளிவந்தன. அடுத்த வருஷம் ஜெலட்டினையும் தூக்கிப் போட்டுவிட்டு, மணலில் இருக்கிற அதே சிலிக்காவால் ஒரு ஜெல் செய்து அதில் இவற்றை வளர்த்தார். நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் ரெண்டாவது கூட்டத்தையும் பிரித்தார். முதல் கூட்டத்துக்கு நைட்ரோசோமோனாஸ், ரெண்டாவதுக்கு நைட்ரோபாக்டர் என்ற பேரெல்லாம் அவர் வைத்ததுதான். சாப்பாடே போடாத பாத்திரத்தில் கரிமப் பொருள் கூடிக்கொண்டே வந்ததையும் அளந்து காட்டினார். வெளிச்சமே இல்லாமல், காற்றிலிருந்து வரும் கார்பனை வைத்து அவை உடம்பு கட்டிக்கொண்டிருந்தன.

இப்போ உங்க தொட்டிக்கு வாங்க. தீனி அமோனியா ஆகுது. முதல் கூட்டம் அதை நைட்ரைட் ஆக்குது. நைட்ரைட்டும் விஷம்தான். அது செவுள் வழியா ரத்தத்துக்குள்ள போய் ஹீமோகுளோபினைக் கெடுத்துடும், ரத்தம் பழுப்பாயிடும், தண்ணியில ஆக்ஸிஜன் இருந்தும் மீனுக்கு மூச்சு முட்டும். மேலே வந்து வாயைத் திறக்கிற மீனுக்குப் பல நேரம் இதுதான் பிரச்னை. ரெண்டாவது கூட்டம் வந்து அதை நைட்ரேட் ஆக்கினா ஆபத்து வெகுவா குறையும். ரெண்டு கூட்டமும் முழுசா நிலைக்க நாலுலேருந்து ஆறு வாரம் பிடிக்கும். ஏன் இவ்வளவு நாள்? குடல்ல இருக்கிற ஈ.கோலி நல்ல சாப்பாடு கிடைச்சா இருபது நிமிஷத்துல ரெட்டிக்கும். இதுங்களுக்கு அமோனியாவை எரிச்சுக் கிடைக்கிற சக்தி ரொம்பக் கம்மி, ரெட்டிக்கவே பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேல ஆகும். அவசரப்படுத்தி ஆகப்போறது இல்லை. அந்த ஒரு மாசம் தீனியைக் கிள்ளிக் கிள்ளிப் போடுறதுதான் நம்ம கையில இருக்கிறது.

கார்பனேட் துகளில் ஒட்டியிருந்ததைச் சொன்னேன்ல? உங்க தொட்டியிலயும் அதுங்க தண்ணியில மிதக்கிறது ரொம்பக் கம்மி. ஃபில்டர் ஸ்பாஞ்ச், கூழாங்கல், கண்ணாடி, இங்கேதான் ஒட்டியிருக்கும். பாதித் தண்ணியை மாத்தினா கூட்டம் போயிடாது. ஆனா ஸ்பாஞ்சைக் குழாய்க்கு அடியில காட்டி, வெள்ளையாகிற வரைக்கும் பிழிஞ்சீங்கன்னா, குளோரின் கலந்த தண்ணியா இருந்தா ஒரு மாசக் குடித்தனமே காலி. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணியிலயே ஸ்பாஞ்சை லேசா அலசிப் போடுங்க, போதும்.

காற்றும் வேணும். ஒரு கிராம் தீனியோட நைட்ரஜன் முழுக்க நைட்ரேட்டா மாற சுமார் 290 மில்லிகிராம் ஆக்ஸிஜன் செலவாகும். 50 லிட்டர் தொட்டியில நம்ம ஊர் வெப்பத்துக்கு மொத்தமா கரைஞ்சிருக்கிறதே 390 மில்லிகிராம் பக்கம்தான். மீன் மூச்சு விடுறது தனி. ஏர் பம்ப் ஓடிக்கிட்டே இருக்கணும்னு சொல்றது அழகுக்காக இல்லைன்னு இப்பப் புரியுதா? கரன்ட் போன அன்னிக்கு ராத்திரி தீனி போடாதீங்க. மீன் ஒரு நாள் பட்டினி கிடந்தா ஒண்ணும் ஆகாது.

ஷ்லோசிங் குழாயில் சுண்ணாம்புக்கல், வினோகிராட்ஸ்கி பாத்திரத்தில் கார்பனேட். ரெண்டும் ஏன் இருந்தது? இந்த வேலையில் அமிலம் உண்டாகும். அதைச் சமன் செய்ய ஏதாவது வேணும். தீனி அதிகம் போட்டுத் தண்ணியே மாத்தாத பழைய தொட்டிகள்ல பி.எச். தானா இறங்கிக்கிட்டே போறது இதனாலதான். ரொம்ப இறங்கினா கூட்டமே வேலையை நிறுத்திடும்.

நைட்ரேட்டோட கணக்கு முடிஞ்சதான்னா, இல்லை. ஒரு கிராம் தீனி கடைசியில கிட்டத்தட்ட 280 மில்லிகிராம் நைட்ரேட். 50 லிட்டர்ல லிட்டருக்கு அஞ்சரை மில்லிகிராமுக்கு மேல. தினம் ஒரு கிராம் போட்டா வாரத்துக்கு 40 ஏறும். சாதாரண ஃபில்டர் இதை எடுக்காது. செடி எடுக்கும், இல்லைன்னா நீங்க பக்கெட்ல எடுக்கணும். தீனியில பாஸ்பரஸும் இருக்கு, சுமாரா நூத்துல ஒரு பங்கு. இந்தக் கூட்டத்துக்கு அதுல ஆர்வமே கிடையாது. அது பாஸ்பேட்டா சேர்ந்துக்கிட்டே போகும், கண்ணாடியில பச்சைப் பாசி அதைத் தின்னு கொழுக்கும். பாசிக்கு மருந்து ஊத்துறதுக்கு முன்னாடி தீனிக் கரண்டியைப் பாருங்க.

ஜூரிச்சில் இந்த வேலை முடிந்தபோது வினோகிராட்ஸ்கிக்கு முப்பத்தஞ்சு வயசுகூட ஆகவில்லை. பாரிஸின் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து அழைப்பு வந்தது. போகாமல், 1891-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் புதிதாகத் தொடங்கியிருந்த பரிசோதனை மருத்துவ நிறுவனத்துக்குப் போனார். நாய், மணி, எச்சில் என்று ஸ்கூலில் படித்தோமே, அந்த பாவ்லோவும் அங்கேதான் இருந்தார். அங்கே இவர், காற்று இல்லாத இடத்தில் இருந்துகொண்டே காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தார். அதற்கு வைத்த பேர் க்ளாஸ்ட்ரிடியம் பாஸ்டூரியானம். அழைத்தபோது போகாதவர் பாஸ்டரின் பேரை வைத்தார்.

பதவி உயர்ந்தது, நிர்வாகம் கூடியது, நிறுவனத்துக்கே இயக்குநர் ஆனார், உடம்பு கெட்டது. 1905-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உக்ரைனில் இருந்த குடும்பப் பண்ணைக்குப் போய்விட்டார். வயது 49. மைக்ரோஸ்கோப்பைத் தொடாமல் நிலம், காடு, விளைச்சல் என்று ஏறக்குறைய பதினைந்து வருஷம். இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால்கூடப் பாடப் புத்தகத்தில் அவர் பேர் இருந்திருக்கும்.

1917-ல் புரட்சி வந்தது, தொடர்ந்து உள்நாட்டுப் போர். பண்ணை போனது, சொத்து போனது. ஒடெசா வழியா நாட்டை விட்டு வெளியேறினார். அறுபதைத் தாண்டிய மனுஷன், கையில் எதுவும் இல்லாமல், ஊர் ஊராகப் போய் பெல்கிரேடில் ஒரு பல்கலைக்கழக வேலையில் ஒதுங்கினார். சொல்லிக்கொள்ளும்படி ஆய்வுக்கூடம் கிடையாது. நூலகத்தில் உட்கார்ந்து, தான் விட்டுப்போன பதினைந்து வருஷத்தில் துறையில் என்ன நடந்தது என்று பழைய இதழ்களைப் புரட்டிப் படித்தார். படிக்கப் படிக்க ஒரு விஷயம் அவருக்கு உறுத்தியது: மண் பாக்டீரியாவை எல்லாரும் ஆய்வுக்கூடத்துச் சத்தான சாப்பாட்டில் வளர்த்து, அங்கே அது செய்வதைத்தான் மண்ணிலும் செய்யும் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ஜெலட்டின் தட்டில் நடந்த அதே கூத்துதான்.

1922-ல் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டின் எமில் ரூ மறுபடி அழைத்தார். முப்பது வருஷம் முன்னாடி மறுத்த அதே இடம். இந்த முறை போனார். பாரிஸுக்கு வெளியே பிரி-கோம்ட்-ரொபேர் என்கிற சின்ன ஊரில், இன்ஸ்டிட்யூட்டுக்குச் சொந்தமான ஒரு வீடும் தோட்டமும் அவருக்குக் கிடைத்தது. நாம ரிட்டயர்மென்ட்டுக்குக் கணக்குப் போடுற வயசுல அவர் புது லேப் ஆரம்பித்தார். மண்ணை மண்ணாகவே வைத்து, அதில் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று பார்ப்பதுதான் திட்டம். மகள் ஹெலனும் கூட வேலை செய்தார். அப்பாவும் மகளும் சேர்ந்து பழைய நைட்ரேட் கூட்டத்தை மறுபடி கையில் எடுத்தார்கள். 1935-ல் நெதர்லாந்து அவருக்கு லீவன்ஹூக் பதக்கம் கொடுத்தது. ரெண்டாம் உலகப் போரும் ஜெர்மன் ஆக்கிரமிப்பும் வந்துபோயின, அவர் அந்த ஊரை விட்டு நகரவில்லை. வாழ்நாள் வேலையைத் தொகுத்து மண் நுண்ணுயிரியல் பற்றிய பெரிய புத்தகத்தை 1949-ல் வெளியிட்டபோது அவருக்கு வயது 92. 1953 பிப்ரவரியில் இறந்தார். அவர் கண்டுபிடித்த கூட்டத்தில் ஒன்றுக்கு இன்றைக்கும் நைட்ரோபாக்டர் வினோகிராட்ஸ்கி என்றுதான் பேர்.

அதுக்கப்புறம் கதையில ஒரு ட்விஸ்ட் இருக்கு, அதுவும் மீன் தொட்டியிலதான். பாட்டில்ல பாக்டீரியா விற்கிறாங்களே, அதுல பல வருஷமா நைட்ரோபாக்டர் பேரைத்தான் போட்டுக்கிட்டிருந்தாங்க. 1990-களின் கடைசியில நன்னீர்த் தொட்டி ஃபில்டர்களை மரபணு முறையில சோதிச்சப்போ, ரெண்டாவது படி வேலையைச் செய்றது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரான்னு இன்னொரு வகைன்னு தெரிஞ்சது. 2011-ல் முதல் படியிலயும் அதே கதை: பல தொட்டிகள்ல அமோனியாவைத் தின்றது பாக்டீரியாவே இல்லை, ஆர்க்கியா என்கிற தனி வம்சம். வினோகிராட்ஸ்கி தன் பாத்திரத்தில் அமோனியாவை நிறையப் போட்டார், அதில் செழிக்கிறவர்கள் வந்தார்கள். மீன் தொட்டியில் அமோனியா ரொம்பக் கம்மி, அங்கே குறைவான கூலிக்கு வேலை பார்ப்பவர்களுக்குத்தான் மவுசு. அவருடைய சொந்த விதிப்படியே அவருடைய ஆட்கள் பின்னுக்குப் போனார்கள்.

2015-ல் இன்னும் ஒரு படி போனாங்க. அமோனியாவை நைட்ரைட் ஆக்கி, அந்த நைட்ரைட்டையும் தானே நைட்ரேட் ஆக்குகிற ஒரே பாக்டீரியாவை ரெண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. ரெண்டு படிக்கு ரெண்டு ஆள் என்று நூறு வருஷத்துக்கு மேல் சொல்லிவந்த பாடம் மாறியது. ஒரு குழு அதைப் பிடித்தது ரஷ்யாவின் காகசஸ் பகுதியில், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வெந்நீர் கொண்டுவரும் ஒரு குழாயின் உள்சுவரில். இன்னொரு குழு பிடித்தது நெதர்லாந்தில், மீன் வளர்க்கும் தொட்டி ஒன்றின் ஃபில்டரில்.